எங்கும் இருக்கிறவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கு ஒரு வேதபாட வகுப்பு நடக்கும். பல ஆண்டுகளாக நான்தான் நடத்துகிறேன். வகுப்பில் எல்லோர் முன்பும் கேட்கத் தயங்கியவர்கள், வாசலில் செருப்பு மாட்டும்போது "ஒரு நிமிஷம் சார்" என்று நிறுத்துவார்கள். அப்படிக் கேட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டில் அதிகமாகத் திரும்பத் திரும்ப வந்திருப்பது ஒரே விஷயம்தான்: கடவுள் எங்கும் இருக்கிறார் என்கிறீர்களே, அது எப்படி?

கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. எங்கள் பக்கத்தில் காதில் ஊறியது அதுதான்.

"சர்வவியாபி"ன்னு ஜெபத்துல சொல்றோம். சுருக்கமா என்ன சார் அது?

கடவுள் இல்லாத இடம் என்று ஒன்று இல்லை. ஓர் இடத்துக்கு வர அவர் இன்னோர் இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டியதும் இல்லை. நான் மதுரையில் இருந்தால் சென்னையில் இல்லை; உடம்புள்ள எல்லாருக்கும் இதுதான் கதி. கடவுள் ஆவியாக இருக்கிறார், அவரை இடம் கட்டுப்படுத்தாது.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் ஒரு ராஜாவை வைத்து இதை விளக்கினார். ராஜாவின் அதிகாரம் நாடு முழுவதும் செல்லும். அவர் கண்ணுக்கு எட்டுவது அதைவிடக் குறைவு. அவர் ஆளாக உட்கார்ந்திருப்பதோ ஒரே ஒரு நாற்காலியில். கடவுளுக்கு இந்த மூன்றுக்கும் எல்லை ஒன்றுதான். அவர் ஆளாத இடமும் இல்லை, பார்க்காத இடமும் இல்லை, நேரில் இல்லாத இடமும் இல்லை. மூன்றாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். எங்கோ உயரத்தில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே எல்லாவற்றையும் நடத்துகிறார் என்று நினைக்கிறோம். ஒரு புல் இந்த நிமிடம் புல்லாக நிற்கிறது என்றால், அவர் அதை இந்த நிமிடம் நேரில் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் போதனை.

வேதத்துல எங்க இருக்கு?

எல்லோருக்கும் தெரிந்தது 139-ஆம் சங்கீதம்: "உம்முடைய ஆவிக்கு மறைவாக எங்கே போவேன்? உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன்?" எரேமியா 23-இல் கர்த்தரே கேட்கிறார்: "நான் வானத்தையும் பூமியையும் நிரப்புகிறவர் அல்லவோ?" ஆலயத்தைக் கட்டி முடித்த சாலொமோன், பிரதிஷ்டை நாளிலேயே, "வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே; நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்" என்கிறான் (1 இராஜாக்கள் 8). பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில், "அவர் நம்மில் ஒருவருக்கும் தூரமானவரல்ல" என்று பிரசங்கித்தார் (அப்போஸ்தலர் 17).

எனக்குப் பிடித்தது அதிகம் பேர் கவனிக்காத ஓர் இடம், 1 இராஜாக்கள் 20. இஸ்ரவேலிடம் தோற்ற சீரியர்கள் கூடி யோசிக்கிறார்கள்: அவர்களுடைய தேவர்கள் மலைத்தேவர்கள், அதனால்தான் ஜெயித்தார்கள், அடுத்த முறை சமபூமியில் சண்டை போடுவோம். அந்தக் காலத்து அரசியல் கணக்கில் இது நியாயமான யோசனைதான். ஊருக்கு ஒரு தெய்வம், மலைக்கு ஒரு தெய்வம். அந்தச் சமபூமியிலும் அவர்கள் தோற்றார்கள். எந்தத் தத்துவ நூலிலிருந்தும் அல்ல, ஒரு போர்க்களத்தில் இஸ்ரவேல் கற்ற பாடம் இது: நம் கடவுளுக்கு எல்லைக்கல் கிடையாது.

அப்ப காத்து மாதிரி எல்லா இடத்துலயும் பரவி இருக்காரா?

இல்லை. இந்தத் தப்பு எல்லோருக்கும் வரும், அகுஸ்தீனுக்கே வந்தது. இன்றைய அல்ஜீரியாவில் ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த அவர், தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து 400-ஐ ஒட்டி எழுதியதில் இதை ஒப்புக்கொள்கிறார். இளம் வயதில் அவர் கடவுளை எல்லையில்லாத கடலாகவும், உலகத்தை அதற்குள் ஊறிக் கிடக்கும் பஞ்சாகவும் கற்பனை செய்திருந்தாராம். பிறகுதான் அதிலிருந்த சிக்கல் உறைத்தது: அப்படியானால் குருவிக்குள் இருக்கும் கடவுளைவிட யானைக்குள் இருக்கும் கடவுள் அதிகம் என்று ஆகிவிடுமே!

காற்று பரவினால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். கடவுள் துண்டு துண்டாக இல்லை. ஒவ்வோர் இடத்திலும் முழுதாக இருக்கிறார். 417-இல் எழுதிய ஒரு நீண்ட கடிதத்தில் அகுஸ்தீன் வந்து சேர்ந்த முடிவு அதுதான். ஒரு சிறிய உதாரணம்: நூறு பேர் இருக்கும் கோயிலில் ஒருவர் பாடினால், ஆளுக்கு நூறில் ஒரு பங்கு பாட்டா விழுகிறது? ஒவ்வொரு காதிலும் முழுப் பாட்டும் விழுகிறது. உதாரணம் உதாரணம்தான், ரொம்ப தூரம் இழுக்க முடியாது. ஆனால் இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு அம்மா, "அப்ப என் ஜெபத்தைக் கேட்கிறப்ப முழுசா என்னைத்தான் கேட்டுக்கிட்டிருக்கார்" என்றார். அதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

எங்கயும் இருக்கிறவர்னா "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு ஏன் சொல்றோம்?

பரமண்டலம் என்பது முகவரி அல்ல, சிங்காசனம். "வானம் எனக்குச் சிங்காசனம், பூமி எனக்குப் பாதபடி" என்று ஏசாயா 66 சொல்கிறது. பாதபடியில் கால் வைத்திருக்கிறவர் பூமியில் இல்லாதவர் அல்லவே. அவருடைய சித்தம் தடையில்லாமல் நடக்கிற இடம் பரலோகம். அதனால்தான் அதே ஜெபத்தில், "பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்று கேட்கிறோம்.

சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிட்டோவ் 1962-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்கு வந்தபோது, மேலே நன்றாகப் பார்த்தேன், கடவுளும் இல்லை தேவதூதரும் இல்லை என்றார். ராக்கெட்டில் ஏறி அடையக்கூடிய இடத்தில் கடவுள் இருக்கிறார் என்று சபை போதித்ததே இல்லை. அவர் தரையில் நிற்கும்போது எவ்வளவு பக்கத்தில் இருந்தாரோ, அவ்வளவு பக்கத்தில்தான் மேலேயும் இருந்தார்.

"தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்"னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. நாமளும் அதைத்தானே சொல்றோம்?

பாதி தூரம் சேர்ந்தே போகலாம். கடவுள் இல்லாத தூணும் இல்லை, துரும்பும் இல்லை. பிரகலாதன் கதையைக் கேலி செய்கிற கிறிஸ்தவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கடவுளுக்கு எட்டாத இடம் உண்டு என்று நம்ப மறுத்த ஒரு பிள்ளையின் கதை அது. பவுலும் அத்தேனேயில் பேசும்போது, "நாம் அவருடைய சந்ததியார்" என்ற அந்த ஊர்க்காரர்களின் புலவர் வரியை எடுத்துத்தான் பேசினார்.

பிரிகிற இடம் எது என்றால், தூண் கடவுளின் ஒரு பகுதி அல்ல என்பதுதான். உண்டாக்கினவர் வேறு, உண்டானது வேறு. தூணைத் தாங்குகிறவர் அவர். தூண் நாளைக்கு இடிந்தால் அவரில் எதுவும் குறையாது. அதனால், எங்கும் இருக்கிறார் என்பதிலிருந்து எதையும் வணங்கலாம் என்ற முடிவுக்குக் கிறிஸ்தவம் வருவதில்லை. அதே சமயம், இந்துக்கள் எல்லோரும் உலகத்தையும் கடவுளையும் ஒன்றாக்குகிறவர்கள் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். வைணவ ஆசாரியர் மத்வர் வழி வந்தவர்கள் இரண்டையும் கறாராகப் பிரித்தே பார்க்கிறார்கள். அந்த அக்காவிடம் "நீங்க எந்த அர்த்தத்துல சொல்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல பேச்சாக அமையும்.

வீட்லயும் இருக்கார், பஸ்லயும் இருக்கார். பின்ன கோயிலுக்கு எதுக்கு வரணும்?

அவரைப் பார்க்க வருகிறோம் என்றால் வர வேண்டியதில்லைதான். யாக்கோபு வீட்டை விட்டு ஓடி, ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். விழித்து, "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்றான். அங்கே அப்போது கட்டடமும் இல்லை, பாட்டும் இல்லை. எங்கே தொழுவது, இந்த மலையிலா எருசலேமிலா என்று சமாரியப் பெண் கேட்டபோது இயேசு இரண்டு இடத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆனால் "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்" என்றும் அவரே சொன்னார். அந்த வாக்கு கட்டடத்துக்கு அல்ல, கூடிவருகிற ஆட்களுக்கு. கடவுளுக்குக் கோயில் தேவைப்படவில்லை. எனக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறவர் தேவைப்படுகிறார். என் குரல் உடைந்த அன்றைக்கு அடுத்த வரியை அவர் பாடுவார்.

ஆராதனையில "பிரசன்னம் இறங்குச்சு"ன்னு சொல்றாங்க. ஏற்கெனவே இருக்கிறவர் எப்படி இறங்குவார்?

நோட்டில் அதிகம் வந்த கேள்வி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 139-ஆம் சங்கீதத்தில் "சமுகம்" என்று ஒரு சொல் வந்ததே, அதற்கு எபிரெய மூலத்தில் உள்ள சொல்லுக்கு நேர்ப்பொருள் "முகம்". நம் தமிழ்ச் சொல்லுக்குள்ளும் முகம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். வேதம் கடவுளின் இருப்பைப் பற்றிப் பேசும் பல இடங்களில் பேச்சு இடத்தைப் பற்றியது அல்ல, முகத்தைப் பற்றியது.

ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரை, ஒரே அடுப்பு. ஆனால் ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இருவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் அண்ணன் இருக்கிறான் என்று தம்பியால் சொல்ல முடியாது. ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் குழம்புச் சட்டியைத் தம்பி பக்கம் நகர்த்தி வைக்கிறான். அன்றைக்குத்தான் அவன் வீட்டுக்கு வந்தது போல இருக்கிறது. வேதத்தில் கர்த்தர் "இறங்கினார்", "மறைந்துகொண்டார்", "சமீபமானார்" என்று வரும்போதெல்லாம் இந்த அர்த்தத்தில் படித்தால் குழப்பம் தீரும். "உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது" என்று ஏசாயா சொல்வது தூரத்தைப் பற்றியது அல்ல, ஒரே வீட்டுச் சண்டையைப் பற்றியது.

ஆகவே "பிரசன்னம் இறங்கியது" என்று சொல்வது தவறான பேச்சு இல்லை. அவர் முகம் காட்டினார் என்று பொருள். அகுஸ்தீனின் அந்தக் கடிதமும் இந்த வேறுபாட்டைச் சொல்கிறது: கடவுள் எங்கும் இருக்கிறார், ஆனால் எல்லோருக்குள்ளும் குடியிருப்பதில்லை. என் கவலை வேறு. சில இடங்களில் இசை ஏறினால் பிரசன்னம் ஏறும், கீபோர்டு நின்றால் இறங்கிவிடும் என்கிற மாதிரி நடத்துகிறார்கள். அவர் முகத்தைத் திருப்பும் கைப்பிடி நம் கையில் இல்லை.

எனக்கு அந்த மாதிரி ஒண்ணுமே தோண மாட்டேங்குது. என்கிட்ட மட்டும் இல்லையா?

அப்படி இல்லை. உணர்வு, அவர் இருக்கிறார் என்பதற்குச் சாட்சி அல்ல; உணர்வு இல்லாதது, அவர் இல்லை என்பதற்கும் சாட்சி அல்ல. யோபு 23-ஐ மெதுவாகப் படியுங்கள்: "இதோ, நான் முன்னாகப்போனாலும் அவர் இல்லை, பின்னாகப்போனாலும் அவரைக் காணேன்." இடது, வலது என்று நாலு திசையும் தேடிவிட்டு அந்த மனிதர் சொல்வது, "ஆனாலும் நான் போகும் வழியை அவர் அறிவார்." யோபுவுக்கு அவர் தெரியவில்லை; அவருக்கு யோபு தெரிந்தார். சில மாதங்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். நானும் நடந்திருக்கிறேன்.

இயேசு தொழுவத்துல குழந்தையா இருந்தப்ப மத்த இடமெல்லாம் காலியா இருந்துச்சா?

ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டது. அவனுக்குத் தெரியாது, 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு எடுத்துக்கொண்ட கேள்வியே இதுதான் என்று. அவர் பதில்: வார்த்தையானவர், அதாவது தேவகுமாரன், உடலை எடுத்தார், உடல் அவரை அடைத்து வைக்கவில்லை. மரியாளின் மடியில் இருந்த அதே வேளையில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டும் இருந்தார். தெய்வீகத்தால் எங்கும், மனித உடலால் பெத்லகேமில்.

அப்ப இப்ப அவர் உடம்பு எங்க இருக்கு? திருவிருந்துல இருக்கா?

இதற்கு எல்லாச் சபையும் ஒரே பதில் சொல்வதில்லை, அதை மறைக்க வேண்டியதும் இல்லை. 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்களான ஜெர்மனியின் லூத்தரும் சுவிட்சர்லாந்தின் சுவிங்லியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். லூத்தர் மேசை மேல் சாக்பீஸால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டு அதிலிருந்து நகரவே இல்லை. பதினைந்து அம்சங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். அப்பமும் இரசமும் பகிர்கிற திருவிருந்தைப் பற்றிய பதினைந்தாவதில் பிரிந்தார்கள். கிறிஸ்துவின் தெய்வீகமும் மனிதமும் பிரியாதவை, ஆகவே அவர் உடலும் தாம் விரும்பும் இடத்தில் எல்லாம் இருக்க முடியும் என்றது லூத்தரன் தரப்பு. உடல் என்றால் ஓர் இடத்தில்தான் இருக்கும், அது பரலோகத்தில் இருக்கிறது, ஆவியானவர் நம்மை அவரோடு இணைக்கிறார் என்றது, சுவிங்லிக்குப் பிறகு ஜெனீவாவின் கல்வினை ஒட்டி வளர்ந்த சீர்திருத்தத் தரப்பு. கத்தோலிக்கர், அப்பமும் இரசமும் அவருடைய உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்கிறார்கள்.

இந்த மூன்றும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தரன். தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை அந்த வழி. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சீர்திருத்த வழியில் வந்தவர்களும் சேர்ந்தார்கள். கத்தோலிக்கரின் வேளாங்கண்ணிக்குப் போனால், அந்த அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழை முன் முழங்காலிடுகிற கூட்டத்தைப் பார்க்கலாம். மூவரும் ஒத்துப்போகிற ஒன்று உண்டு: அந்த மேசைக்கு வருகிறவர், இல்லாத ஒருவரின் நினைவு நாளுக்கு வருவதில்லை.

சாராயக்கடையிலும் கக்கூஸ்லயும் கூடவா இருக்கார்?

ஆமாம். சாக்கடை மேல் வெயில் அடித்தால் சாக்கடை காய்கிறது, வெயில் அழுக்காவதில்லை. தொழுநோயாளியை இயேசு தொட்டபோதும் அப்படித்தான் நடந்தது.

பிள்ளைங்க தப்பு பண்ணா "இயேசப்பா பாத்துக்கிட்டே இருக்கார்"னு சொல்றேன். தப்பா?

வாக்கியம் சரி, சொல்லும் குரலைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு சின்னப் பெண், இயேசு படம் போட்ட காலண்டரை எடுத்துச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தாள். கீழ்க்கம்பி வளைந்து காலண்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. ஏன் என்று கேட்டதற்கு, "முறைக்கிறார்" என்றாள். படத்தில் அவர் முறைக்கவில்லை. வீட்டில் அவரைப் பற்றிப் பேசப்பட்ட விதம் அப்படி. மூலைக்கு மூலை கேமரா வைத்த கடை முதலாளியாகத்தான் அவள் அவரை அறிந்திருந்தாள்.

வேதத்தில் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? ஆகார். அடிமைப்பெண், கர்ப்பிணி, எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடி வந்தவள். ஆதியாகமத்தில் கடவுளுக்குப் பெயர் வைத்த முதல் ஆள் அவள்தான். அவளை அந்த வீட்டில் யாரும் ஒரு ஆளாகவே பார்க்கவில்லை, அவர் பார்த்தார். பிள்ளைகளுக்கு இந்தக் கதையை முதலில் சொல்லுங்கள். தப்புச் செய்யும்போதும் அவர் பார்க்கிறார் என்பதை, அவருடைய முகம் எப்படிப்பட்டது என்று தெரிந்த பிறகு அவர்களே புரிந்துகொள்வார்கள்.

நரகத்துலயும் இருக்காரா?

முதலில், "நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்" என்று 139-ஆம் சங்கீதத்தில் வரும் "பாதாளம்" மரித்தவர்களின் இடம். நேரடியாக நரகத்தைக் குறிப்பது அல்ல. இந்தக் கேள்விக்கு அதை மட்டும் காட்டினால் போதாது.

2 தெசலோனிக்கேயர் 1, கெட்டுப்போனவர்கள் கர்த்தருடைய சந்நிதானத்திலிருந்து விலக்கப்படுவதாகச் சொல்கிறது. வெளிப்படுத்தல் 14-ஓ, அவர்கள் "ஆட்டுக்குட்டியானவருக்கு முன்பாக", அதாவது கிறிஸ்துவுக்கு முன்பாக, வாதிக்கப்படுவதாகச் சொல்கிறது. முரண்பாடு போலத் தெரியும். மேலே பிரசன்னம் பற்றிச் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள்: இருப்பு விலகவில்லை, முகம் விலகியது. 7-ஆம் நூற்றாண்டில் நினிவே ஆயராக இருந்த ஈசாக்கு, நரகத்தில் இருப்பவர்களை வதைப்பது அன்பின் சாட்டைதான் என்று எழுதினார். தாங்கள் காயப்படுத்திய அன்பை அங்கே முழுதாக அறிவதே வேதனை என்றார். எல்லாச் சபைகளும் அதை அப்படியே ஏற்பதில்லை. எனக்கு அது சரியாகப் படுகிறது.

சுனாமி அன்னைக்கு எங்க இருந்தார்?

கேட்டவர் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த யாத்ரீகர்களும் அதில் உண்டு. "எங்கும் இருந்தார், அங்கேயும் இருந்தார்" என்று நான் சொன்னால் இலக்கணப்படி அது சரியான பதில். கேட்டவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தார் என்றால் ஏன் விட்டார் என்ற அடுத்த கேள்வி அதன் பின்னாலேயே நிற்கிறது. அதற்கான விடை என்னிடம் இல்லை, விடை வைத்திருப்பதாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

நான் அவருக்குக் காட்டியது யோவான் 11. லாசரு செத்து நான்கு நாள் ஆகிவிட்டது. தாமதமாக வந்த இயேசுவிடம் மார்த்தாள் சொல்கிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." நீங்கள் கேட்பது இதே கேள்வி. மார்த்தாள் கேட்டாள், அவள் சகோதரி மரியாள் அதையே திரும்பக் கேட்டாள், யாரும் அவர்களை அடக்கவில்லை. இயேசு மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். ஆனால் ஏன் தாமதித்தேன் என்று இருவருக்கும் விளக்கவில்லை. மரியாள் அழுவதைக் கண்டு அழுதார். பிறகு கல்லறைக்கு நடந்தார். நாங்கள் இருவரும் அந்த அதிகாரத்தை அன்றைக்கு வாசித்து முடிக்கவில்லை, இயேசு கண்ணீர் விட்டார் என்கிற முப்பத்தைந்தாம் வசனத்தில் நிறுத்திவிட்டோம்.

சிலுவையில இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கேட்டாரே. அப்ப பிதா அங்க இல்லையா?

இருந்தார். ஆனால் அந்தக் கூக்குரல் நாடகமும் அல்ல. 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியை அவர் சொன்னார். அதே சங்கீதம் பின்னால், கர்த்தர் "தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமல்" இருந்தார் என்று போகிறது. முகம் மறைந்தது போன்ற அந்த இருட்டுக்குள் குமாரனே போனார் என்பதால்தான், முந்தைய கேள்விக்கு விளக்கம் இல்லாமலும் என்னால் விசுவாசத்தில் நிற்க முடிகிறது. கடவுள் எங்கும் இருக்கிறார் என்ற போதனையில், கைவிடப்பட்டவன் நிற்கிற இடமும் சேர்ந்துவிட்டது.

நான் வளைகுடாவுல வேலை பாக்கிறேன். கேம்ப்ல ஆறு பேர் ஒரு ரூம். கோயிலும் இல்ல, தனியா ஜெபிக்க இடமும் இல்ல. என்ன பண்றது?

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். சமையலறை வேலை, பிறகு செருப்புத் தைக்கும் வேலை. ஜெப நேரம், வேலை நேரம் என்று அவர் பிரிக்கவில்லை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவில், பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் பேசுவது போல, ஒரு வரி இரண்டு வரி பேசிக்கொண்டே இருந்தார். அதுதான் அவர் ஜெபம்.

நீங்கள் பஸ்ஸில் சைட்டுக்குப் போகும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூட வேண்டியதில்லை, உதடு அசைய வேண்டியதில்லை. "சமுத்திரத்தின் கடையாந்தரங்களிலே போய்த் தங்கினாலும், அங்கேயும் உமது கை என்னை நடத்தும்" என்ற வசனத்தை எழுதினவர் உங்களைப் போல வீட்டை விட்டு வெகுதூரம் போகிறவனை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பையனுக்கும் ஜெபிக்க ஆசை இருந்தால், மேலே சொன்ன "இரண்டுபேர்" கணக்கு அங்கேயே சரியாகிவிடும்.

அம்மாவுக்கு ஞாபகம் சுத்தமா போயிடுச்சு. என்னையே தெரியல, ஜெபம் சொல்லத் தெரியல. அவங்களுக்குள்ள கடவுள் இன்னும் இருக்காரா?

இருக்கிறார். நாம் நினைக்கிற வரைக்கும்தான் அவர் இருப்பார் என்றால், நாம் தூங்கும்போதெல்லாம் அவரை இழந்துவிடுவோம். யாக்கோபு தூங்கிக்கொண்டிருந்தான், அறியாதிருந்தேன் என்று அவனே சொன்னான், கர்த்தர் அங்கே இருந்தார். 139-ஆம் சங்கீதத்தில், "நான் விழிக்கும்போது இன்னும் உம்மண்டையில் இருக்கிறேன்" என்று ஒரு வரி உண்டு. உங்கள் அம்மா அறுபது வருஷம் கையில் பிடித்திருந்த கயிறு நழுவிவிட்டது. மறுமுனையைப் பிடித்திருக்கிறவருக்கு மறதி இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சாயங்காலம் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உங்களுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை அவருக்காக நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள். பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வீட்டிலேயே திருவிருந்து கொடுக்க ஐயரை (சபைப் போதகரை) அழைக்க வேண்டுமென்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.